உளுத்துப்போகும் எலும்பு

பயிருக்கு மருந்து சொல்கிறவர் எலும்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள்.

என் பெரியம்மா தொழுவத்தில் சாணி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "இத்தனூண்டு விழுந்ததுக்கா?" என்றோம். எலும்பு முன்னமே உளுத்த கட்டை மாதிரி ஆகியிருந்தது. நம் எலும்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் கட்டப்படுகிறது. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்குக் கரைவது மிஞ்சிவிடும். வலி தெரியாது, கூன் விழும், உயரம் குறையும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

ஆபரேஷனோடு முடிந்தது என்றிருந்தோம். முறிவைச் சரிசெய்தாலும் தேய்மானம் நிற்காது, அடுத்த எலும்பும் முறியலாம் என்றார் டாக்டர். டெக்ஸா ஸ்கேன் பார்த்து, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வலி மாத்திரை இந்த வேலையைச் செய்யாது.

மருந்தோடு சாப்பாடும் வேணும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கறந்த பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடிக்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு டம்ளர் பாலை எடுத்து வையுங்கள். தொழுவத்தில் பிடித்து நடக்க ஒரு மூங்கிலும் கட்டுங்கள்.