அளவும் விலக்கும்



மனிதன் எதை உண்ண வேண்டும், எவ்வளவு உண்ண வேண்டும், எதைத் தொடவே கூடாது என்னும் வினாக்கள் மருத்துவ நூல்கள் எழுதப்படுவதற்கு முன்னரே சமயங்களால் ஆராயப்பட்டவை. உலகிற் பெருஞ் சமயம் எதுவும் மனிதனின் உயிரைப் பற்றி மட்டும் பேசி, அவன் வயிற்றைப் பற்றிப் பேசாமல் விட்டதில்லை. இவ்வினாக்களை நம்முடைய கிழக்கு மாகாண வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நான் வாழும் கிண்ணியா, திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்துள்ள ஊர். நெல்லும் மீனும் எருமைத் தயிரும் குறைவின்றிக் கிடைக்கும் இடம். இங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் இஸ்லாமியர். மாவட்டத்தை முழுமையாக நோக்கினால் சைவர், பௌத்தர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய நால்வரும் அயலவராய் வாழ்கின்றனர். ஆகவே உணவு ஒழுக்கம் பற்றிய நான்கு மரபுகள் ஒரே சந்தையில் நாள்தோறும் சந்திக்கின்றன.

இம்மரபுகளைக் கூர்ந்து நோக்கினால் அவற்றில் இரண்டு வேறுபட்ட நெறிகள் இருப்பது புலனாகும். ஒன்று அளவு, மற்றொன்று விலக்கு. ஏற்கத்தக்க பொருளை அளவோடு நுகர்க என்பது முதலாவது. அறிவை அழிக்கும் பொருளை அடியோடு நீக்குக என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் மாற்றி வைப்பதால் விளையும் கேடு பெரிது. விலக்க வேண்டியதற்கு அளவு கூறி மதுவருந்துவோர் தம்மை ஏமாற்றிக்கொள்கின்றனர். மதுவை விலக்கிவிட்டோம் என்னும் நிறைவில், அளவு கொள்ள வேண்டியதில் அளவை மறந்து ஏனையோர் தம்மை ஏமாற்றிக்கொள்கின்றனர்.

முதலில் விலக்கை எடுத்துக்கொள்வோம்.

திருக்குறளின் அதிகார வரிசையில் கவனிக்கத்தக்க ஓர் ஒழுங்கு உண்டு. தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை, அடுத்தது சூது, அதற்கடுத்த தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. கள்ளுக்கு வள்ளுவர் அளவு கூறவில்லை, உண்ணாமையே கூறினார். மருந்து என்னும் அதிகாரத்திலோ குளிகைகளின் பட்டியல் இல்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவறிந்து உண்பதையே அவர் மருந்தாகக் கொண்டார். திருக்குர்ஆனும் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் சேர்த்துக் கண்டிக்கிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. வேறு வேறு நாட்டில், வேறு வேறு காலத்தில் தோன்றிய இரு நூல்கள் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டும் மனிதனின் தீர்மானிக்கும் ஆற்றலைப் பறிப்பவை. இன்னும் ஒரு கிண்ணம், இன்னும் ஓர் ஆட்டம் என்று நாளையைக் காட்டி இன்றைக் கவர்பவை.

இஸ்லாத்தில் மதுவிலக்கு ஒரே நாளில் விதிக்கப்பட்டதன்று. மதுவிற் சில பயன்கள் உண்டு. ஆயினும் அதன் தீமை பயனைவிடப் பெரிது என்று முதலிற் கூறப்பட்டது. போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்று அடுத்து விதிக்கப்பட்டது. நாளுக்கு ஐந்து வேளை தொழுபவர் அவ்வாறு வாழ்வதாயின் குடிப்பதற்கு அவருக்கு எஞ்சும் நேரம் மிகச் சொற்பமே. மூன்றாவதாக முழு விலக்கு வந்தது. பழக்கத்தில் ஊறிய ஒரு சமுதாயத்தை மீட்கும் முறையை இதில் நாம் காண்கிறோம். முதற்படியில் அறிவுக்கு வேலை கொடுக்கப்பட்டது. இரண்டாம் படியில் நாளின் ஒழுங்கு மாற்றப்பட்டது. மூன்றாம் படியிலேதான் சட்டம் வந்தது.

மிகுதியாக அருந்தினால் எது வெறியூட்டுமோ அதனைச் சிறிதளவும் அருந்தலாகாது என்பது நபிமொழியின் கருத்து. விலக்கப்பட்டது சாறு அன்று, வெறியே என்பதையும் அறிதல் வேண்டும். பேரீச்சம்பழம் ஊறவைத்த இனிய நீரை நபிகளார் அருந்தியதுண்டு. அது புளித்து வெறியூட்டும் நிலையை அடையுமுன் நிறுத்திக்கொள்வார்கள். இதை நமது பனைமரமே தெளிவாக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிப் பாளையிற் கட்டினால் கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிடின், காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அச்சாற்றின் இனிப்பைச் சில மணி நேரத்தில் மதுசாரமாக்கிக் கள்ளாக மாற்றிவிடுகின்றன. மரமும் ஒன்று, சாறும் ஒன்று, ஒரு விரல் சுண்ணாம்பே வேறுபாடு.

பௌத்தத்தின் ஐந்து சீலங்களுள் ஐந்தாவது, மயக்கந்தரும் பானங்களை நீக்குதல். கிறிஸ்தவ மரபில் திராட்சரசம் திருவழிபாட்டிலேயே இடம்பெற்றபோதிலும் குடிவெறி வன்மையாகக் கண்டிக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெதடிஸ்தர் முதலான சபையினர் முழு மதுவிலக்குக்காக உழைத்தனர். பகவத் கீதை ஆறாம் அத்தியாயத்தில் உணவிலும் உறக்கத்திலும் நடு அளவைப் போற்றுகிறது.

இலங்கையின் பழைய நிலையை அறிய நமது கொட்டியாரமே ஒரு சான்று தருகிறது. 1660ஆம் ஆண்டில் மூதூரை அடுத்த இக்குடாவிற் பிடிபட்ட ஆங்கிலக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து தப்பியவர். 1681இல் வெளியான தமது நூலில், அந்நாட்டு மக்கள் குடிவெறியை மிகவும் வெறுத்தனர் என்றும், அதில் ஈடுபடுவோர் சிலரே என்றும் அவர் எழுதினார். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயக் குத்தகை அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிற்று, தவறணைகள் பெருகின. அதற்கு எதிராக 1904இல் எழுந்த மதுவிலக்கு இயக்கம், 1912இல் அரசு புதிய மதுவரி முறையின்கீழ் ஏராளமான கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது நாடெங்கும் வலுப்பெற்றது. நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கா பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தது அவ்வியக்கத்திலேயே. தம் ஊரில் தவறணை வேண்டுமா, வேண்டாமா என்று ஊர்மக்கள் வாக்களித்துத் தீர்மானிக்கும் உரிமையும் பின்னர்க் கிடைத்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜி தலைமையிலான சென்னை அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. விற்பனை வரி மட்டும் தளரவில்லை! அமெரிக்காவிலோ 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியது. மக்கள் மனம் இசையாத இடத்தில் சட்டம் நெடுநாள் நிற்பதில்லை; கள்ளச் சாராயத்துக்கே அது வழிவிடுகிறது. கசிப்பு என்னும் சொல் தெரியாத கிராமம் நம் நாட்டிலும் அரிது. எனவே மதுவிலக்கின் முதல் இருப்பிடம் சட்டப் புத்தகம் அன்று, வீடே.

“சிறிதளவு மது இதயத்துக்கு நன்மை அன்றோ?” எனக் கற்றவர் சிலர் கேட்பதுண்டு. சில பத்தாண்டுகளுக்கு முன்னர் இவ்வாறு நம்புவதற்கு இடந்தரும் ஆய்வுகள் வெளிவந்தமை உண்மை. பின்னர் அவ்வாய்வுகளை மீளச் சோதித்தோர் ஒரு குறையைக் கண்டனர். குடியாதவர் என்று கணக்கிடப்பட்டோருள், முன்பு குடித்து, நோயுற்றபின் நிறுத்தியவர்களும் இருந்தனர். அவர்களோடு ஒப்பிடும்போது சிறிதளவு குடிப்பவர் நலமாய்த் தோன்றியதில் வியப்பில்லை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே சேர்த்தது. எவ்வளவு குறைவாயினும் தீங்கற்ற மது அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. அளவு என்னும் சொல் இந்த ஓரிடத்தில் நமக்கு உதவுவதில்லை.

ஆயினும் குடிக்கு அடிமையானவனை இகழ்வது சமயம் ஆகாது. குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது நபிகளார் அதைத் தடுத்து, அம்மனிதருக்கு இறைவன்மீதும் இறைதூதர்மீதும் அன்பு உண்டு என்று கூறினார்கள் என அறிகிறோம். குடி ஒரு நோயும் ஆகும். ஊர் ஒதுக்கிய குடிகாரன் மேலும் குடிப்பான். அவன் பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்தும். தந்தையின் குடியை மறைக்கும் பொறுப்பை ஒரு சிறுவன் தோளில் ஏற்றுவது எவ்வளவு கொடியது என்பதை ஆசிரியர் நன்கு அறிவர்.

இனி, அளவைப் பற்றிப் பேசுவோம். மது தொடாத குடும்பங்கள் மிகுந்த எம்மூர் போன்ற ஊர்கள் கவனிக்க வேண்டியது இதுவே.

நம் நாட்டில் இன்று நிகழும் மரணங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் விளைபவை. இதயநோய், பக்கவாதம், புற்றுநோய், ‘சீனி வருத்தம்’ என நாம் கூறும் நீரிழிவு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கிளினிக் கொப்பியைக் கையில் ஏந்தி ஆஸ்பத்திரி வாங்கில் விடியற்காலை முதல் காத்திருப்போரைக் கேளுங்கள். வாழ்நாளில் ஒரு துளி மதுவும் தொடாதவர் அவருட் பலர். விலக்கைக் காத்தவரை அளவின்மை வீழ்த்தியிருக்கிறது.

இஸ்லாமிய மரபு அளவைப் பற்றி மௌனமாயிருக்கவில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிமொழியின் பொருள். 1111இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, தமது பெருநூலில் உண்ணும் ஒழுக்கத்துக்குத் தனிப்பகுதியும், வயிற்றாசையை அடக்குவது பற்றி வேறொரு பகுதியும் ஒதுக்கினார். மறுபுறம், உடலை வருத்துவதும் ஏற்கப்படவில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தோழர் அபூதர்தாவை, மற்றொரு தோழர் சல்மான் உண்ணவும் உறங்கவும் செய்து, இறைவனுக்கு மட்டுமன்றி உடலுக்கும் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார். சல்மான் கூறியது உண்மை என்று நபிகளார் ஏற்றார்கள்.

ரமழான் மாதம் இந்த அளவைப் பயிற்றும் பள்ளிக்கூடம். பேரீச்சம்பழமும் நீரும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் பகற்பசிக்குப் போதிய தொடக்கம். ஆனால் பகலில் மிச்சம் பிடித்ததை இரவில் வட்டியோடு உண்பதாயின் நோன்பின் பயன் எங்கே? எண்ணெயிற் பொரித்த பண்டங்களும் சீனிப் பானங்களும் நிறைந்த மேசை, நோன்பைத் திறக்கும் மேசையாகாது. நோயாளருக்கும் பயணிகளுக்கும் நோன்பிலிருந்து திருமறையே விலக்கு அளித்துள்ளது. நீரிழிவுக்கு ஊசி ஏற்றுவோரும் குளிசை உண்போரும் மாதம் பிறக்குமுன்னரே வைத்தியரைக் கேட்டு நடக்க வேண்டும். இறைவன் அளித்த சலுகையை ஏற்பதும் பணிவே.

நமது திருமண விருந்துகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது சமத்துவத்தின் அழகிய சின்னம். நெய்ச்சோறும் இறைச்சியும் வட்டிலப்பமும் அளவோடு பரிமாறப்பட்டால் அவ்வழகு குறையாது. பாதி உண்டு பாதி கொட்டப்படும் சஹன், விரயம் பற்றிய கட்டளையை நம் கண்முன்னே மீறுகிறது.

அன்றாடக் கணக்கு ஒன்றையும் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குக் குறைவாகவும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேநீருக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் பதினைந்து கரண்டி. கரண்டிக்கு நான்கு கிராம் என்றாலும் 60 கிராம் ஆகிவிடுகிறது. இன்னும் சோடாவையும் இனிப்பையும் நாம் கணக்கிற் சேர்க்கவில்லை! இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இடப்பட்டன. பிள்ளைகள் வாசிக்கக் கற்ற முதற்சொற்களோடு அந்நிறங்களின் பொருளையும் கற்கட்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். கருவாட்டையும் மாசியையும் விரும்பும் நாம் அன்றைய கறியிலாவது உப்பைக் குறைக்கலாம்.

மற்றொரு பழக்கம் வெற்றிலைத் தட்டு. அதை எவரும் போதை என்று எண்ணுவதில்லை. ஆகவே அது பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் வீதியிலும் கூச்சமின்றி நடமாடுகிறது. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்தப்பட்டது. இலங்கை ஆண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் வாயில் வருவதே. தனக்கோ பிறர்க்கோ தீங்கிழைக்கலாகாது என்னும் சமய விதிக்கு வெற்றிலைத் தட்டும் உட்பட்டதே.

இறுதியாக, உழைப்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நாம் ஓடத்துறைக்கு நடந்தோம். இன்று மோட்டார்சைக்கிளில் விரைகிறோம். வசதி வந்தது நன்று. அப்பாலத்தின் நீளம் 396 மீற்றர். அத்தனை தூரத்தை நான்கு முறை போய்வந்தால் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்தவராவோம். வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்னும் மருத்துவ விதி இதைவிட அரிதான ஒன்றைக் கேட்கவில்லை.

நேயர்களே, நாம் எந்தச் சமயத்தவராயினும் நமக்குக் கிடைத்துள்ள நெறி எளியதே. அறிவை மயக்குவதை விலக்குவோம். உடலை வளர்ப்பதை அளவோடு கொள்வோம். தவறியவனை வெறுக்காது தாங்குவோம். இன்றிரவு உணவுக்கு அமரும்போது, மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டு எழுந்து பாருங்கள். நாளைய காலை உங்கள் உடலே அதற்கு விடை சொல்லும்.