சர்வீஸ் காசும் பழைய ஆட்டோவும்

(மாதாந்தக் குடும்பக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்குப் போஷாக்கு பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்குள் நாலு பேர் ஒரே விஷயத்துக்காக என்னிடம் வந்துவிட்டார்கள். "ஐயா, அம்மாவுக்கு சர்வீஸ் காசு வருது. ஒரு பழைய ஆட்டோ பார்த்திருக்கேன். இந்தப் பேப்பரைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க." நாலு பேரில் ஒருவர் காசைக் கொடுத்த பிறகுதான் வந்தார்.

ஆட்டோ வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி நேரத்தில் கம்மடுவைப் பக்கத்திலிருந்து ஒரு பிரசவத் தாயை ரத்தோட்டைக்கோ மாத்தளைக்கோ இறக்குவது எது? ஆட்டோதான். பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றுவதும் அதுதான். படித்துவிட்டு சும்மா இருக்கிற பையனுக்கு அது ஒரு தொழில். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் கையில் வருவது என்ன காசு என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷ சேவைக்கு 14 நாள் சம்பளம். 30 வருஷம் மலை ஏறிக் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு 420 நாள் சம்பளம். அட்டைக் கடியும் மழையும் பட்ட 30 வருஷம் அந்த 420 நாளுக்குள் அடங்கிவிடுகிறது. போனால் அது திரும்பி வராது. இன்னொரு தடவை 30 வருஷம் கொழுந்து எடுக்க யாராலும் முடியாது.

இந்த ஆட்டோ எல்லாம் பக்கத்து நாட்டுச் சரக்கு. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னால் இந்தியாவிலிருந்து வரத் தொடங்கியவை. நம் ரோட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை பூனாவைத் தலைமையிடமாகக் கொண்ட பஜாஜ் கம்பனியின் வண்டிகள். பெட்ரோலோடு ஒயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் இறக்குமதி, புகை காரணமாக 2008இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவை ஃபோர் ஸ்ட்ரோக். 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியே நின்றது. 2025 ஆரம்பத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட வருஷங்களில் புது வண்டி வரவில்லை, பழையதுக்கு விலை ஏறிக்கொண்டே போனது. ஒருவர் பல வருஷம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூடவே விற்றார். இப்போது கதவு திறந்தாலும் வரி இருப்பதால் புதியது எட்டாத விலையில் நிற்கிறது. அதனால் நம் ஆட்கள் பழையதைத்தான் தேடுகிறார்கள்.

முன்பு லீசிங் எடுத்து வாங்கினார்கள். 2017இல் மத்திய வங்கி, முச்சக்கர வண்டி பெறுமதியில் நூற்றுக்கு 25 மட்டுமே லீசிங் கொடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டது. பிறகு அந்த வீதம் பல தடவை மாறியிருக்கிறது. இன்றைய வீதத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சக் காசுக்கு எங்கே போவது? சீட்டு, நகை அடகு, அதற்கு மேலே அம்மாவின் சர்வீஸ் காசு. புரோக்கருக்கும் இது தெரியும். எந்தத் தோட்டத்தில் யாருக்குக் காசு வருகிறது என்று நமக்கு முன்னமே தெரிந்து வைத்திருக்கிறார்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பேர் சொல்ல மாட்டேன். சில வருஷத்துக்கு முந்தி ஒரு தாய் தன் சர்வீஸ் காசு முழுவதையும் மகன் கையில் கொடுத்தார். மாத்தளைப் பக்கத்து ஆள் ஒருவரிடம் வண்டி வாங்கினான். வண்டி நல்ல வண்டி, அதில் குறை இல்லை. ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். பதிவுப் புத்தகத்தின் போட்டோ கொப்பியைக் காட்டினார்கள். உரிமை மாற்றும் பாரத்தில் வாங்குபவர் பேரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஓப்பன் பேப்பர் என்கிறார்களே, அது. எட்டு மாதம் ஓடிய பிறகு ஒரு விடியக்காலை லீசிங் ஆட்கள் வந்து வண்டியைக் கொண்டு போய்விட்டார்கள். விற்றவர் தவணை பாக்கி வைத்திருந்தார். "நான் கட்டி முடிச்சிடுவேன்" என்று வாயால் சொன்னதோடு சரி.

அந்த உடன்படிக்கையில் சாட்சிக் கையெழுத்து போட்டவன் நான். அசல் புத்தகம் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பதிவுப் புத்தகத்தில் இரண்டு உரிமையாளருக்கு இடம் இருக்கும். ஒருவர் பதிவு பெற்ற உரிமையாளர். மற்றது முழு உரிமையாளர், புரோக்கர்மார் அப்சலூட் ஓனர் என்பது. அந்த இடத்தில் ஒரு பைனான்ஸ் கம்பனியின் பேர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பேர் நீங்கும் வரை வண்டி விற்றவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அசல் புத்தகம் கம்பனியில் இருக்கும், அதனால்தான் கொப்பி காட்டுகிறார்கள். கொப்பி பழைய கொப்பியாகவும் இருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டி நம்பரைக் கொடுத்து விபரம் எடுக்கலாம். அதற்குச் சின்னக் கட்டணம்தான். கடன் இருக்கிறது என்றால், விற்பவரோடு நீங்களே கம்பனிக்குப் போய், மிச்சக் கடனை அங்கேயே கட்டி, கடன் தீர்ந்த கடிதத்தையும் புத்தகத்தையும் கையில் வாங்குங்கள். கடனுக்கான காசை விற்பவர் கையில் கொடுக்காதீர்கள்.

வாங்கினால் 14 நாளைக்குள் பேர் மாற்ற வேண்டும், அது சட்டம். "ஓப்பன் பேப்பர் இருக்கு, பிறகு பார்ப்போம்" என்று விட்டவர்கள் 2022இல் பட்டதை மறந்துவிட்டீர்களா? அந்த ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தது. ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். ஒரு வண்டிக்கு ஒரு பதிவுதான். பழைய சொந்தக்காரர் தன் பேரில் பதிந்து வைத்துவிட்டால், புதிதாய் வாங்கியவர் செட்டுக்குப் போய் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருந்தது. பழைய ஆளைத் தேடிப் போனால் அவர் வெளிநாட்டில். வண்டி வாசலில், பெட்ரோல் இல்லை. விற்றவருக்கும் இதில் கரைச்சல் உண்டு. புத்தகத்தில் பேர் இருக்கிற வரை, எக்ஸிடென்ட் என்றால் பொலிஸ் முதலில் தேடுவது அவரைத்தான். தம்பிமார்கள் விற்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

வண்டி பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, என்னைவிட உங்களுக்குத் தெரியும். செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கிற இடத்தில் ராவின அடையாளம், புதுப் பெயின்ட் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் சூடாகும் முன் விடியக்காலையில் போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை விட்டால் ஒயில் எரிகிறது. கால் வைக்கிற தகட்டுக்குக் கீழே துருவைப் பாருங்கள். மாத்தளை டவுன் ரோட்டில் ஓட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மூன்று பேரை ஏற்றி நம் தோட்டத்து ஏற்றத்தில் ஏற்றச் சொல்லுங்கள். காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் நாள் தவறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மாமார்களுக்கு ஒன்று. மகன் கேட்டால் கொடுக்காமல் இருக்க உங்களால் முடியாது, அது எனக்குத் தெரியும். கொடுங்கள். ஆனால் காசு உங்கள் பேங்க் புத்தகத்திலேயே இருக்கட்டும். உரிமை மாற்றும் அன்றைக்கு நீங்களும் மகனோடு போங்கள். உங்கள் காசு என்றால் வண்டி உங்கள் பேரில் இருந்தால் என்ன? லைசன்ஸ்தான் ஓட்டுபவனுக்கு இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சில தம்பிமார்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்த மகன் இப்போது இன்னொருவரின் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். அம்மா இன்னும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பிள்ளைமடுவத்தில் இருப்பேன். வண்டி பார்த்து வைத்திருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே பேப்பர்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை அசல் புத்தகத்தை நான் கேட்பேன்.