மரத்துப் போகாத மனம்

காலில் முள் தைத்தால் வலிக்கிறது. அந்த வலியே தெரியாமல் போய்விட்டால் என்ன ஆகும்? முள் உள்ளேயே இருந்து சீழ் பிடிக்கும். கடைசியில் காலுக்கே ஆபத்து வரும். மனத்துக்கும் இதே நியாயம்தான். இதை எடுத்துக்காட்டும் ஒரு திரைப்படக் கதையை இன்று பார்ப்போம்.

2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் படம் 'ஈக்விலிபிரியம்'. சமநிலை என்பது அதன் பொருள். இயக்கியவர் கர்ட் விம்மர். துப்பாக்கிச் சண்டை மலிந்த படம்தான். ஆனால் கதையின் கரு சிந்திக்கத் தக்கது.

மூன்றாம் உலகப் போர் முடிந்துவிட்டது. எஞ்சிய மக்கள் லிப்ரியா என்ற நாட்டில் வாழ்கிறார்கள். 'கோபமும் பகையும் இருப்பதால்தானே போர் வருகிறது? உணர்ச்சியையே ஒழித்துவிடுவோம்' என்று ஆள்வோர் முடிவு கட்டுகிறார்கள். புரோசியம் என்ற மருந்தை ஒவ்வொருவரும் நாள்தோறும் குறித்த வேளையில் கழுத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பாட்டும் ஓவியமும் கவிதையும் அங்கே குற்றம். கண்ட இடத்தில் கொளுத்துவார்கள். உணர்ச்சியோடு வாழ்பவருக்கு மரண தண்டனை.

ஜான் பிரஸ்டன் அந்த ஆட்சியின் அதிகாரி. அவன் மனைவியையே பிடித்துக்கொண்டு போய் எரித்தார்கள். அப்போதும் அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. ஒருநாள் காலை மருந்துக் குப்பி கைதவறி உடைந்துவிடுகிறது. மருந்து இறங்க இறங்க அவனுக்கு உணர்ச்சி திரும்புகிறது. விடியலின் அழகு தெரிகிறது. கொல்லப்பட இருந்த ஒரு நாய்க்குட்டியை விட மனம் வரவில்லை. மனைவியை இழந்த துக்கமும் அப்போதுதான் வருகிறது. பிறகு ஓர் உண்மை தெரிகிறது: தாய் மறைந்த நாள்முதல் அவன் பிள்ளைகள் இருவரும் இரகசியமாக மருந்தை விட்டுவிட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்தும் தகப்பனுக்குப் பிள்ளைகளின் துயரம் தெரியவில்லை.

இது கற்பனைதானே என்று நினைக்கலாம். நம் தோட்டங்களின் பழங்கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம் வெட்டு, மாலையில் உடம்பெல்லாம் வலி. அந்த வலிக்கு மருந்துபோலத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. யாரும் கழுத்தில் ஊசி போடவில்லை, நாமேதான் போனோம். ஆனால், கூலியில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. வலி மறந்தது, கூடவே, ஏன் இந்த வலி என்ற கேள்வியும் மறந்தது.

மறக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின், 1946-47-இல், கெடாவில் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடை மறியல் நடத்தினார். மானம் என்பதும் ஓர் உணர்ச்சிதான், நேயர்களே. அது மரத்துப் போயிருந்தால் இந்தப் போராட்டங்கள் ஏது?

நம் பேராக்கிலும் ஒரு சான்று உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், பிறர் தவிப்பைத் தம் தவிப்பாக எண்ணினார் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

தாலாட்டும் ஒப்பாரியும் நம் பாட்டிமார் காத்த செல்வங்கள். சாவு வீட்டில் ஒருத்தி பாடி அழுதால் பத்துப் பேர் நெஞ்சுச் சுமை இறங்கும். ஆனால் ஆண்பிள்ளைக்கு என்ன சொன்னோம்? "ஆம்பளை அழலாமா?" என்றோம். அழாத அந்தப் பிள்ளை வளர்ந்து துக்கத்தைப் புட்டியில் கரைக்கிறான். தோட்டத்தை விட்டு ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்கள் பல. லயத்தில் அண்டை வீட்டாரிடம் சொல்லி ஆறினோம். இங்கே கதவைச் சாத்திக்கொள்கிறோம். பழைய வீட்டையும் கோயிலையும் பிரிந்த ஏக்கத்தைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாராயத்திலோ கைப்பேசியிலோ முகத்தைப் புதைத்துக்கொள்கிறோம்.

லிப்ரியாவில் ஒன்றைக் கவனியுங்கள். உணர்ச்சியை ஒழித்தும் கொலை ஓயவில்லை. இரக்கமற்றவன் தயங்காமல் கொன்றான். கோபத்தைக் கொல்லும் மருந்து அன்பையும் சேர்த்தே கொன்றது. ஆகவே கோபத்தை அடக்கப் பழகுவோம். மனத்தை மரக்க வைக்க வேண்டாம்.

இன்றிரவு சோறு உண்ணும்போது ஒரு காரியம் செய்வோம். பிள்ளையைப் பார்த்து, "இன்னைக்கு உனக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்போம். அழுதால் தடுக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர் பழைய தோட்டத்துக் கதை சொன்னால், எத்தனையாவது முறையானாலும் காது கொடுப்போம். முள் எங்கே தைத்தது என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்?