பிள்ளைக்கு ஏன் இப்படி ஆனது?
(திருகோணமலையில் தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



“கிரகண நேரத்தில் வெளியே போனாள், அதனால்தான் பிள்ளை இப்படி” என்று லயத்திலும் சொல்கிறார்கள். இந்தத் துறைமுகப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களிலும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. பெருமூளை வாதம் சாபமல்ல, தொற்றுநோயுமல்ல. வளரும் மூளை பாதிக்கப்பட்டதால் கைகால் விறைத்தோ தளர்ந்தோ போகும் நிலை அது.

1861இல் இங்கிலாந்து வைத்தியர் லிட்டில், கஷ்டமான பிரசவமே காரணம் என்றார். 1897இல் பிராய்ட், கோளாறு வயிற்றிலேயே தொடங்கியிருக்கலாம் என்றார். பிந்திய ஆய்வுகளும் அதையே காட்டின: பிரசவத்தில் மூச்சுத்திணறல் காரணமாவது சிறு பங்குதான். பலருக்குக் காரணம் தெரிவதேயில்லை. ஆகவே தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆபத்தைக் கூட்டுபவை எவை? மாதம் நிறையாமல் பிறப்பது, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, இரட்டைப் பிள்ளைகள், கர்ப்பத்தில் தொற்று. எடை குறைந்த பிள்ளைகள் நாட்டில் அதிகம் பிறப்பது தோட்டங்களில்தான். தாயின் இரத்தசோகையும், அரைவயிற்றுச் சாப்பாடும், கூடைப் பாரமும் இதற்குள் இருக்கின்றன. பிறந்த பிறகு கடுமையான செங்கண்மாரி, மூளைக்காய்ச்சல், தலையில் அடி ஆகியவையும் மூளையைக் கெடுக்கும். பிறந்த 24 மணிநேரத்துக்குள் பிள்ளை மஞ்சளானால் வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தடுக்க முடியும் என்பதற்கு நம் நாடே சாட்சி. கர்ப்பிணிக்கு வந்தால் சிசுவைத் தாக்கும் ருபெல்லாவுக்கு 1996இல் தடுப்பூசி தொடங்கினோம். 2020இல் அந்த நோயை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நான்கு மாதமாகியும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதமாகியும் உட்காராவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தால், மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். முழுக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புத்தி குறைவில்லை. பாடசாலைக்கு அனுப்புங்கள்.

பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பேறுக்கு முந்திய மூன்று மாதம் தாய்க்கும் பிள்ளைக்கும் கேடான வேலை கொடுக்கக் கூடாது. அதைக் கேட்டு வாங்குவோம். கிளினிக் போன நாளுக்கு அரைப்பேர் போடாதே, முழுப்பேர் போடு என்பதும் நமது கோரிக்கை. கமிட்டித் தலைவர்மாரே, சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.