டிரான்ஸ்பார்மருக்கு ஏறு வழி, இறங்கு வழி தெரியாது! கூட்டத்துக்கு ஜெனரேட்டர் வைப்பவர்கள் கவனத்துக்கு

(தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பலர் கேட்டதால் இங்கே பதிகிறோம். உங்கள் கிளை வாட்ஸ்அப் குழுவிலும் பகிருங்கள்.)



வரிசையா தெருமுனைக் கூட்டங்கள் வருது. மேடை, கொடி, பேனர், நேரலை எல்லாம் பேசி முடிச்சாச்சு. கரண்ட் பத்தி மட்டும் யாரும் வாயே திறக்கல. நான் இ.இ.இ. படிச்சவன்கிறதால அதை என் தலையில கட்டிட்டாங்க. பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க.

நம்ம தெருமுனையில நிக்கிற டிரான்ஸ்பார்மருக்கு மேலே வருவது 11,000 வோல்ட். கீழே தெருவுக்குப் போவது, ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 250 வோல்ட். வீட்டுக்கு வந்து சேரும்போது 230 கிட்ட இருக்கும். உள்ளே சுத்துற பாகம் எதுவுமே கிடையாது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய ஒரு சட்டம், அதன்மேல் ரெண்டு வகைக் கம்பிச்சுருள், சுத்தி எண்ணெய். சூட்டை வெளியே கொண்டுபோகவும், சுருளுக்குச் சுருள் மின்சாரம் தாவாமல் தடுக்கவும்தான் அந்த எண்ணெய். ஒரு சுருளில் மாறுமின்சாரம் ஓடினா இரும்புக்குள்ள காந்தப்புலம் மாறிக்கிட்டே இருக்கும். அந்த மாற்றம் அடுத்த சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஃபாரடே 1831-ல கண்டுபிடிச்ச சங்கதி. சுற்று அதிகமுள்ள பக்கம் வோல்ட் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. கிட்டப் போனா ‘உம்ம்’னு ஒரு சத்தம் கேக்குமே, அது அந்தத் தகடுகள் அதிர்வதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பெட்டிக்கு எது உள்ளே, எது வெளியேன்னு தெரியாது. மேலிருந்து 11,000 கொடுத்தா கீழே 250 வரும். கீழிருந்து 250 ஏத்தினா மேலே 11,000 வரும். 44 மடங்கு!

கூட்டம் நடக்குது, தலைவர் பேசிட்டிருக்கார், கரண்ட் போயிடுது. அவசரத்துல நம்மாளுங்க என்ன செய்வாங்க? ஜெனரேட்டர் வயரின் நுனியில ஒரு பிளக்கை மாட்டி, பக்கத்துக் கடை பிளக் பாயிண்ட்ல சொருகிடுவாங்க. இல்லைன்னா தற்காலிக இணைப்பு எடுத்த அதே போர்டுல ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கிடுவாங்க. மைக் வேலை செய்யும், கைதட்டல் வரும். ஆனா மெயினை அணைக்க மறந்திருந்தா, அந்த ஜெனரேட்டர் கரண்ட் நம்ம மேடையோட நிக்காது. சர்வீஸ் வயர் வழியா கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்பார்மருக்குள்ள போய், மேலே 11,000 வோல்ட் லைனுக்கும் போயிடும்.

அங்கே யார் இருக்கார்? எல்.சி. வாங்கி, லைன் செத்துடுச்சுன்னு நம்பி, பழுது பார்க்க ஏறிய லைன்மேன் அண்ணன்.

“சின்ன ஜெனரேட்டர் ஒரு தெருவையே தாங்குமா? உடனே நின்னுடாதா?”ன்னு ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. தெருவோட மொத்த லோடும் மேல விழுந்தா பெரும்பாலும் ட்ரிப் ஆகும், இல்லை மூச்சு வாங்கும். ஆனா மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு பேஸில் வெறும் 50 வோல்ட் ஏத்தினாலும், அந்தப் பக்கம் 2,200 வோல்ட். அது போதும். நம்ம தெருக் கம்பி எங்கேயாவது அறுந்து லோடு குறைஞ்சிருந்தா, ஜெனரேட்டர் நிக்கவே நிக்காது. அப்ப தெருக் கம்பத்துல கை வைக்கிறவருக்கு முழு 230. வேலைக்கு முன்னாடி கம்பியை எர்த் பண்ணணும்கிறது அவங்க விதி, அது உயிரைக் காப்பாத்தும். அதுக்காக அவர் எர்த் பண்ணியிருப்பார்னு நம்பி நாம கரண்ட் ஏத்த முடியுமா?

இடையில ஒண்ணு. “மொட்டை மாடியில சோலார் போட்டும் கரண்ட் போனா வீடு இருட்டு, ஏமாத்திட்டாங்க”ன்னு அடிக்கடி கமெண்ட் பார்க்கிறேன். பேட்டரி இல்லாம லைனோட இணைச்ச சோலார் இன்வெர்ட்டர், லைன் செத்தா ரெண்டு நொடிக்குள்ள தானா நிக்கணும்னுதான் வடிவமைப்பே. காரணம் இதே லைன்மேன்தான். அந்தப் பதிவையெல்லாம் தெரியாம பகிர்ந்துடாதீங்க.

தீர்வு ஒண்ணும் பெரிய செலவில்ல. சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., ஒரு பக்கம் ஜெனரேட்டர், நடுவுல ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்துல சேரவே சேராது, கைப்பிடியோட அமைப்பே அப்படி. நியூட்ரலையும் சேர்த்து மாத்துற வகையா இருக்கணும், பேஸை மட்டும் மாத்துறது வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போடட்டும். சுவிட்ச் கிடைக்கலையா? மேடை முழுக்க ஜெனரேட்டரிலேயே ஓடட்டும், ஈ.பி. பக்கமே போக வேண்டாம். ரெண்டு முனையிலும் பிளக் உள்ள வயர் எங்கே கண்ணில் பட்டாலும் ஒரு முனையை வெட்டிடுங்க, சவுண்ட் செட் அண்ணன் திட்டினா என் பேரைச் சொல்லுங்க.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரமே, உங்க ஊர் மேடையில மாட்டிய சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஒரு போட்டோ எடுத்து ஒன்றியக் குழுவில் போடுங்க. போட்டோ வராத ஊருக்கு அன்னைக்கு ராத்திரியே நானே போன் பண்ணுவேன்.