தூதரா, மகனா?

என் மாணவி ஒருத்தி, "சார், இயேசு தேவதூதரா?" என்று கேட்டாள். லயத்துக்கு வந்து வேதம் பேசிய இருவர் அப்படிச் சொன்னதும், கோயிலுக்குப் போகும் பாட்டி கதவைச் சாத்திவிட்டாராம்.

வழக்கு பழையது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், மகனும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். கி.பி. 325இல் ஆயர்கள், இன்றைய துருக்கியிலுள்ள நிசேயாவில் கூடி அதை மறுத்தார்கள். மெலாக்காவில் 1849இல் எழுப்பப்பட்ட புனித பிரான்சிஸ் சேவியர் தேவாலயத்தின் விசுவாசமும் அவர்கள் வகுத்ததே. மகன் முதற்படைப்பு, அவரே தலைமைத் தூதர் மிகாவேல் என்பது யெகோவாவின் சாட்சிகளின் போதனை.

எபிரேயர் நிருபத்தின் முதல் அதிகாரம், தூதர்கள் பணிவிடைக்காரர், மகன் உரிமைக்காரர் என்று பிரிக்கிறது. கிராணியார் வீட்டுக் கல்யாணச் சேதியை ஓர் ஆள் கொண்டுவருவதும், மகனே வந்து அழைப்பதும் ஒன்றா?

"மகன் அப்பாவுக்குப் பிறகுதானே, சார்?" என்றாள். கெட்டிக்காரி! ஆரியுஸ் கேட்டதும் அதுதான். அதற்கு அத்தனாசியுஸ், சூரியனையும் அதன் ஒளியையும் காட்டினார். நான் அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் விளக்கை ஏற்றுகிறார்களே, சுடர் முந்தியா, வெளிச்சம் முந்தியா?

"பாட்டியிடம் கேட்கிறேன்" என்று ஓடினாள்.