வானிலிருந்து எடுக்கும் தண்ணீர்க் கணக்கு



கேரளம் என்றதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் பசுமை நிலமே நினைவுக்கு வரும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளும், இடுக்கியின் மறையூர், சின்னாறு பகுதிகளும் அந்தச் சித்திரத்தில் அடங்குவதில்லை. இவை மழைமறைவு நிலங்கள். வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்பதே இங்கு உழவரின் முதற்கேள்வி.

ஒரு பகுதி ஓடுகிறது. ஒரு பகுதி நிலத்துள் இறங்குகிறது. வறண்ட நிலத்தில் பெரும்பகுதி, மண்ணிலிருந்து ஆவியாதலாகவும் பயிரின் நீராவிப்போக்காகவும் வானுக்கே திரும்புகிறது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. ஆவியானால் அது 10,000 லிட்டர். இந்தச் செலவை அறியாமல் போடப்படும் எந்த நீர்க்கணக்கும் பாதிக் கணக்கே.

இதனைச் செயற்கைக்கோள் நேரடியாக அளப்பதில்லை, வெப்பத்தை அளக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகா ஜூல் ஆற்றல் வேண்டும். ஈரமுள்ள வயல் அந்த ஆற்றலைச் செலவிட்டுக் குளிர்ந்திருக்கும். காய்ந்த தரிசு சூடேறும். நிலம் பெற்ற நிகரக் கதிர் ஆற்றலிலிருந்து மண்ணையும் காற்றையும் சூடாக்கியதைக் கழித்தால், மிஞ்சுவது நீரை ஆவியாக்கிய பங்கு. 1990களில் நெதர்லாந்தின் பாஸ்டியான்சன் உருவாக்கிய ‘செபால்’ முறையின் அடிப்படை இதுவே. லேண்ட்சாட் 8, 9 ஆகிய இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் உலகில் எவருக்கும் இலவசம்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. பருவமழைக்கால மேகம் வெப்பப் படத்தை மறைக்கும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஆவியாதலை விரைவுபடுத்தும். உள்ளூர் வானிலை நிலையமின்றி அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மறையூரின் சரிவுகளில் நிழல் விழுந்த பக்கம், ஈரமில்லாமலே குளிர்ந்து தோன்றும். அனைத்திலும் முக்கியமானது: வெப்பப் படத்தின் ஒரு கட்டம் 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். பெரிய தோப்பு அதில் தெளிவாகத் தெரியும். அரை ஏக்கர் குறு விவசாயியின் நிலம் பக்கத்து நிலத்தோடு கலந்து கரைந்துவிடும்.

கணக்கு யார் கையில் என்பது இங்கு ஏட்டுக்கேள்வி அன்று. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் கெட்டன, 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட ஆதிவாசி மக்கள் போராட்டத்தில் இறங்கினர். நிலத்தடி நீர் மக்கள் பொதுச்சொத்து என்று 2003 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் டிவிஷன் அமர்வு, நிபுணர் குழுவின் கணக்கை ஏற்று, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும் வயல் என்றால், அது 10 ஹெக்டேரின் ஒருநாள் செலவு. பரந்த பரப்பின் சராசரியில் இது சிறு தொகை. ஆலையை ஒட்டிய கிணற்றுக்கு அது வாழ்வா சாவா என்பது. சராசரி பேசும்போது அடித்தட்டு மக்களின் கிணறு மறைந்துபோகிறது. 2004 மார்ச்சில் நின்றுபோன ஆலை மீண்டும் இயங்காதது மக்கள் உறுதியின் வெற்றி.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இதையொட்டி இரு மாநில உழவர்களும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றனர். எல்லையின் இருபுறமும் எந்தப் பயிர், எத்தனை நீரை ஆவியாக்கியது என்பதை ஒரே படம் காட்டும். செயற்கைக்கோளுக்கு மாநில எல்லை இல்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: ஊராட்சிதோறும் வானிலை நிலையம்; கிணற்று நீர்மட்டத்தை மக்களே பதிவுசெய்யும் ஏற்பாடு; செயற்கைக்கோள் கணக்கை அவற்றோடு சரிபார்த்து, மலையாளத்திலும் தமிழிலும் கிராம சபையில் வைத்தல். வானிலிருந்து வரும் எண்ணைத் தரையிலுள்ள கிணறு சோதிக்க வேண்டும். அப்போதுதான் அறிவியல் உழவரின் ஆயுதமாகும்.